வீட்டில் வார்த்த ரப்பர் மீன் நீந்தவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

தூண்டிலில் போலி இரையாகப் போட, மிருதுவான பிளாஸ்டிக்கில் நாமே வார்க்கும் ரப்பர் மீன், அச்சிலிருந்து எடுக்கும்போது கடையில் வாங்கியதைவிட அழகாக இருக்கும். தண்ணீரில் போட்டு இழுத்தால் குச்சி மாதிரி வரும், இல்லையென்றால் பம்பரம் மாதிரிச் சுற்றும். சொந்தமாக ரப்பர் மீன் வார்க்கத் தொடங்கிய யாரும் இதிலிருந்து தப்பியதில்லை. உடனே அச்சின் மேல் பழியைப் போடுவோம். நானும் அப்படித்தான் நல்ல பிளாஸ்டர் அச்சு இரண்டை உடைத்துக் குப்பையில் போட்டேன். இப்போது யாராவது கேட்டால், அச்சைக் கடைசியில் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். முதலில் தூண்டில் முள், அப்புறம் வால், அதற்கப்புறம் பிளாஸ்டிக் காய்ச்சிய பதம். இந்த மூன்றும் சரி என்றான பிறகுதான் அச்சைத் தொட வேண்டும்.

நான் வார்ப்பது 10 செ.மீ. நீளமுள்ள பேடில் டெயில், அதாவது துடுப்பு போன்ற வால் உள்ள மீன். மடவை மீன் சாயலில் செய்தது. முட்டுக்காட்டிலும் பழவேற்காட்டிலும் கொடுவா மீனுக்குப் போடுகிறேன். கீழே வரும் அளவுகள் எல்லாம் அந்த மீனுக்கு உரியவை. உங்கள் மீன் சிறிதென்றால் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போட்டுப் பார்ப்பது

வாளியில் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். வால் இரண்டு தடவை அடிப்பதற்குள் சுவர் வந்துவிடும். கிணற்றில் விட்டுப் பார்ப்பதும் ஏமாற்றும். செங்குத்தாக மேலே இழுத்தால் எவ்வளவு கோணலான மீனும் ஒழுங்காக வருவது போலத் தெரியும். சாய்வும் புரளலும் படுக்கைவாட்டில் இழுக்கும்போதுதான் வெளியே வரும். ஊரில் இருப்பவர்களுக்குப் பம்ப்செட் தொட்டியைவிட நல்ல இடம் கிடையாது. நான் மொட்டை மாடியில் குழந்தைகளுக்கான காற்றடிக்கும் குளம் ஒன்றை வைத்திருக்கிறேன். இரண்டு மீட்டர் நேராக இழுக்க இடமிருந்தால் போதும். தூண்டில் ராடின் நுனியைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்தி, ஆமை வேகத்தில் ஒரு முறை, நடை வேகத்தில் ஒரு முறை, வேகமாக ஒரு முறை இழுத்துப் பாருங்கள். மேலிருந்து ஒருவர் கைபேசியில் படம் பிடித்தால் இன்னும் நல்லது. கண்ணுக்குத் தப்பியது வேகம் குறைத்துப் பார்க்கும்போது தெரிந்துவிடும்.

அடுத்து ஒரு மாற்றுச் சோதனை. நன்றாக நீந்தும் என்று உங்களுக்கே தெரிந்த ஒரு கடை மீனை அதே ஜிக் ஹெட்டில் (ஈயத் தலை வைத்த முள்) கோத்து இழுங்கள். அதுவும் கோணிக்கொண்டு வந்தால் கோளாறு உங்கள் வார்ப்பில் இல்லை. முள் வளைந்திருக்கும், அல்லது ஈயம் ஒரு பக்கம் கூடுதலாக இருக்கும். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் கத்தியைக் கையில் எடுக்கக் கூடாது.

பம்பரம் போலச் சுற்றுகிறது

முள்தான். மீனின் மூக்கை உங்கள் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். முள்ளின் தண்டு முதுகின் நடுக்கோட்டில் வெளியே வருகிறதா, இரண்டு மி.மீ. தள்ளி வருகிறதா? அந்த இரண்டு மி.மீ. போதும், மீன் சுற்றிவிடும். கோக்கும் முன் ஜிக் ஹெட்டை மீனின் பக்கவாட்டில் வைத்து, முள் வளைவு எங்கே முடிகிறதோ அந்த இடத்தில் முதுகில் நகத்தால் ஓர் அழுத்து அழுத்திக்கொள்ளுங்கள். மூக்கின் நடுவில் குத்தி அந்த அடையாளத்தில் வெளியே எடுக்க வேண்டும். கோத்த பிறகு உடம்பு இழுபட்டும் இருக்கக் கூடாது, சுருங்கிக் கூன் போட்டும் இருக்கக் கூடாது. கூன் விழுந்த மீன் நிச்சயம் சுற்றும்.

கடை மீனில் நடுக்கோடு ஏற்கெனவே தெரியும். நம் மீன் வழவழவென்று இருக்கும், நடு எதுவென்று கைக்குத் தெரியாது. அதற்கு எளிய வழி, பிளாஸ்டர் அச்சின் முதுகுக் குழியில் ஊசியால் மெல்லிய கோடு ஒன்றைக் கீறிவிடுவது. வார்க்கும்போது அது முதுகில் நூலளவு மேடாக வந்துவிடும். முள்ளை அந்தக் கோட்டில் எடுத்தால் போதும்.

ஏற்கெனவே தப்பாகக் குத்திய மீனைத் திரும்பக் குத்தினால் முள் பழைய ஓட்டைக்கே வழுக்கிக்கொண்டு போகும். ஓர் ஆணியைச் சூடாக்கி அந்த ஓட்டையில் ஒரு நொடி வைத்து எடுங்கள். பிளாஸ்டிக் உருகி அடைபட்டுவிடும், ஆறினதும் புது இடத்தில் குத்தலாம்.

முள் நேராக இருந்தும் சுற்றுகிறதா? முள்ளையே எடுத்துவிட்டு, மூக்கில் ஊசியால் தூண்டில் நரம்பைக் கோத்து, ஒரு சாண் முன்னால் சின்ன ஈயம் வைத்து இழுங்கள். இப்போதும் சுற்றினால் வால் முறுக்கிக்கொண்டிருக்கிறது, அல்லது அச்சு சேரும் இடத்தில் ஒழுகிய பிசிறு வாலின் ஒரு பக்கம் ஒட்டியிருக்கிறது. பிசிறைக் கத்தரித்தால் பல மீன்கள் அந்த இடத்திலேயே திருந்திவிடும். ரொம்ப வேகமாகச் சுற்றி இழுத்தால் மட்டும் புரள்கிறது என்றால் விட்டுவிடுங்கள். எந்த மீனுக்கும் ஒரு வேக எல்லை உண்டு, கடை மீனுக்கும்தான்.

வயிற்றைக் காட்டிக்கொண்டு புரள்கிறது

என் மானம் போன இடம் இது. முட்டுக்காட்டில் ஒரு மாலை, நீர் ஏறிக்கொண்டிருந்த நேரம். பக்கத்தில் உயிர் இறால் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் மீன் கரைக்கு வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, உன் மீனு செத்து வயித்தைக் காட்டிக்கிட்டு வருதே. அதை எந்தக் கொடுவா கடிக்கும்?”

“நீரோட்டம் ஜாஸ்தியா இருக்கு, அய்யா” என்று சமாளித்தேன். அவர் சிரித்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு வார்த்த நாற்பது மீனும் அதே மாதிரிதான். முள் நேராக இருந்தது, பிசிறு இல்லை, வாலும் ஆடியது. ஈயமில்லாத ஆஃப்செட் முள்ளில் (கண் அருகே படி போல வளைந்த முள்) கோத்தால் மட்டும் மல்லாந்துவிடும். வீட்டுக்கு வந்து ஒரு மீனைப் பிளேடால் குறுக்கே அறுத்து, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வயிற்றுப் பக்கம் கண்ணாடி போலத் தெளிவு. முதுகுப் பக்கம் வெள்ளையாக, ரவை போல உப்பு திட்டாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் நறநறவென்றது.

நடந்தது இதுதான். எடை கூடி தூரமாகப் போய் விழட்டும் என்று பிளாஸ்டிக்கில் பொடி உப்பு கலந்திருந்தேன். உப்பின் அடர்த்தி தண்ணீரைப் போல 2.16 மடங்கு, பிளாஸ்டிக் ஏறத்தாழ தண்ணீர் அளவுதான். என்னுடையது ஒற்றை அச்சு. முதுகு அடியில், வயிறு மேலே திறந்தபடி இருக்கும். ஊற்றிய பிளாஸ்டிக் இறுகும் முன் உப்பெல்லாம் அடியில் இறங்கிவிட்டது. அச்சுக்கு அடி, மீனுக்கு முதுகு! தலையில் மூட்டையை ஏற்றிய படகு கவிழாமல் என்ன செய்யும்? ஜிக் ஹெட்டின் ஈயம் இருக்கும்வரை அது தெரியவில்லை. ஈயத்தை எடுத்ததும் குட்டு வெளிப்பட்டது.

வார்த்துவிட்ட மீன்களைத் தூக்கிப் போட வேண்டாம். தாடைக்கு இரண்டு செ.மீ. பின்னால், வயிற்றின் நடுவில், தலை வெட்டிய ஒரு சிறிய ஆணித் துண்டைச் செருகிப் பாருங்கள். போதவில்லையென்றால் இன்னொன்று. அல்லது வயிற்றில் ஈயம் வைத்த முள்ளாக வாங்கிக்கொள்ளலாம். என் நாற்பதில் முப்பதுக்கு மேல் இப்படித்தான் பிழைத்தன.

அடுத்த வார்ப்பில் இரண்டு ஊற்று ஊற்றுங்கள். முதலில் உப்பே இல்லாத கரும்பச்சையை முதுகு மறையும் அளவுக்கு மட்டும் ஊற்ற வேண்டும். அதன் மேல்பரப்பில் பாலாடை போல ஆடை கட்டும்போது, உப்பு கலந்த வெள்ளையை நல்ல சூட்டில் மேலே ஊற்றுங்கள். உப்பு இறங்கினாலும் அந்த ஆடையைத் தாண்டிப் போகாது. எடை வயிற்றிலேயே நிற்கும், மடவையின் நிறமும் வந்துவிடும். முதல் ஊற்று முழுக்க ஆறிவிட்டால் இரண்டும் ஒட்டாது. பிறகு மீனைக் கொடுவா கடிக்கும் முன்பே முதுகும் வயிறும் தனித்தனியாகக் கழன்றுவரும். உப்பை மிக்சியில் மாவாக அரைத்து, வாணலியில் ஈரம் போக வறுத்துச் சேருங்கள். ஒவ்வொரு மீனுக்கும் முன் கோப்பையின் அடிவரை கிளறுங்கள். இல்லையென்றால் முதல் மீன் மிதக்கும், கடைசி மீன் கல்லாக மூழ்கும்.

புரளாமல் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து மட்டும் வந்தால் கதை வேறு. அச்சு மேசையில் சமமாக இருந்ததா என்று பாருங்கள். இரண்டு பாதியாகச் சேரும் இரட்டை அச்சை ஊற்றிய கையோடு படுக்க வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள்.

வால் ஆடவே இல்லை, வேகமாக இழுத்தால்தான் ஆடுகிறது

அதிகம் கேட்கப்படும் புகார் இது. பேடில் டெயிலின் வாலைக் கணுக்காலும் பாதமும் போல நினைத்துக்கொள்ளுங்கள். பாதம் கீழ்நோக்கித் தொங்கி, அதன் தட்டையான முகம் வரும் தண்ணீரை எதிர்க்க வேண்டும். தண்ணீர் பாதத்தின் இரண்டு ஓரங்களிலும் மாறி மாறிச் சுழி போட்டுக் கழன்று போகும். சுழி எந்தப் பக்கம் கழல்கிறதோ அந்தப் பக்கம் வால் இழுபடும். கணுக்கால் மெலிதாக இருந்தால் அந்த இழுப்புக்கு வளைந்து கொடுத்து உடனே திரும்பும். தடித்திருந்தால் இழுப்பு போதாமல் அப்படியே விறைத்து நிற்கும்.

முதலில் கையில் பாருங்கள். மீனின் நடு உடம்பை இரண்டு விரலில் பிடித்து லேசாக ஒரு சுண்டு. வால் நாலைந்து முறை ஆடி அடங்கினால் கணுக்கால் சரி, வேறு காரணம் தேடலாம். ஒரே ஆட்டில் நின்றுவிட்டால் அது தடிமன், அல்லது பிளாஸ்டிக் கடினம்.

கணுக்கால் சரியாக இருந்தும் தண்ணீரில் ஆடவில்லையென்றால் முள்ளின் நீளத்தைப் பாருங்கள். முள் உடம்பில் பாதியைத் தாண்டி வெளியே வந்தால் இரும்புக் கம்பியே முதுகெலும்பாகிவிடும். ஓர் அளவு சிறிய முள் போடுங்கள். அடுத்து, பாதம் தொங்குகிறதா, உடம்பின் நேர்க்கோட்டிலேயே நீட்டிக்கொண்டிருக்கிறதா? நீட்டிக்கொண்டிருக்கும் பாதத்தில் தண்ணீர் மோதாமல் வழுக்கிப் போய்விடும். பெரும்பாலும் சூடாக இருக்கும்போதே வாலைப் பிடித்து அச்சிலிருந்து இழுத்த வினை. தலைப்பக்கத்திலிருந்து எடுங்கள், எடுத்ததும் தட்டையாகக் கிடத்தி ஆறவிடுங்கள்.

இனி தடிமன். இங்கே ஒரு கணக்கு உதவும். வளையும் திசையில் உள்ள தடிமனின் மும்மடியைப் பொறுத்து விறைப்பு மாறும். அதாவது பக்கவாட்டில் 5 மி.மீ. இருக்கும் கணுக்காலை 4 மி.மீ. ஆக்கினால் விறைப்பு ஏறத்தாழப் பாதியாகிவிடும். மேலும் கீழும் சீவினால் அந்த லாபம் கிடைக்காது, பலம்தான் போகும். எனவே இடமும் வலமும் அரை அரை மி.மீ., இரண்டு பக்கமும் ஒரே அளவு. நகம் வெட்டும் வளைந்த கத்தரிக்கோல் இதற்கென்றே செய்தது போல இருக்கும். சீவிய இடத்தை லைட்டர் சுவாலைக்கு மேலே அரை நொடி காட்டினால் சொரசொரப்பு உருகி மழுங்கும். சொரசொரப்பை அப்படியே விட்டால் அங்கிருந்துதான் கிழியத் தொடங்கும்.

ஒரு மீனில் ஒரு மாற்றம்தான். சீவிய மீனின் தலையில் ஒரு கோடு, பிளாஸ்டிக் மாற்றிய மீனில் இரண்டு கோடு என்று கீறி வையுங்கள். மூன்று வேலையையும் ஒரே மீனில் செய்துவிட்டு, எது பலித்தது என்று தெரியாமல் விழித்திருக்கிறேன்.

பிளாஸ்டிக் கடினமென்றால் சாஃப்ட்னர், அதாவது அதை மிருதுவாக்கும் திரவம். நான் 100 மி.லி.க்கு 5 மி.லி. வீதம் சேர்த்துப் பார்ப்பேன், ஒரே தடவையில் அதிகம் கொட்டுவதில்லை. மிருதுவாக ஆக வால் நன்றாக ஆடும், ஆனால் முள்ளில் நிற்காமல் வழுக்கும், கெளுத்தி ஒரு கடி கடித்தாலே போய்விடும். வாலுக்கு மட்டும் மிருதுவான கலவையை ஊற்றி, சூடு ஆறும் முன் உடம்புக்குச் சாதாரணக் கலவையை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்த இணைப்பில் பிய்ந்துகொண்டே இருந்ததால் விட்டுவிட்டேன். உப்பு அதிகமானாலும் வால் விறைக்கும் என்பதை மறக்க வேண்டாம். குளிர்ந்த தண்ணீரிலும் அப்படித்தான். சென்னைக் கடலோரத்தில் துள்ளும் வால் ஊட்டிப் பக்கத்து ஏரியில் மரத்துப் போகும்.

இத்தனைக்கும் பிறகு அச்சுக்கு வருவோம். பாதத்தைப் பெரிதாக்குவது எளிது. அச்சுக் குழியின் ஓரத்தை ஒரு மி.மீ. சுரண்டினால் அவ்வளவுதான், உதைப்பு கூடும். ஆனால் கணுக்காலை மெலிதாக்க அச்சில் வழியில்லை. குழியைச் சுரண்டினால் மீன் தடிக்கத்தான் செய்யும். அதற்கு மூல உருவைத் திருத்திப் புது அச்சு எடுக்க வேண்டும். ஆகவே புதிதாக மூல உரு செதுக்குகிறவர்கள் கணுக்காலை மெலிதாகவே தொடங்குங்கள். பாதத்தைப் பிறகு வளர்த்துக்கொள்ளலாம்.

வால் ஆடுகிறது, உடம்பு மரக்கட்டையாக வருகிறது

ஈயத்தைக் குறையுங்கள், 10 கிராமிலிருந்து 7 கிராமுக்கு. ஜிக் ஹெட்டை நரம்பில் இறுக்கிக் கட்டாமல் கண்ணி முடிச்சாகப் போடுங்கள்; தலை அசைய இடம் கிடைக்கும். வயிற்றில் குறுக்காக இரண்டு மூன்று கீறலும் போட்டுப் பார்க்கலாம். உண்மையைச் சொன்னால், கலங்கிய கழிமுகத் தண்ணீரில் வாலின் அதிர்வே போதும். உடம்பு உருள்வது பெரும்பாலும் நம் கண்ணுக்கு விருந்து.

மூக்குக் குத்தி இறங்குகிறது, அல்லது மேலே மிதந்து வருகிறது

மூக்குக் குத்தினால் ஈயம் அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள். மிதந்தால் ஈயம் போதாமல் இருக்கலாம், உள்ளே காற்றும் இருக்கலாம். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வால் பக்கம் ஒரு பட்டாணி அளவு காற்றுக் குமிழி இருந்தால் வால் மேலே தூக்கிக்கொள்ளும். அந்த மீனைத் திரும்ப உருக்கும் டப்பாவில் போட்டுவிடுங்கள்.

வால் பாதிதான் வந்திருக்கிறது, அல்லது இரண்டு இழுப்பில் பிய்கிறது

குமிழிக்கும் பாதி வாலுக்கும் காரணம் ஈரம் அல்லது ஆறிப்போன பிளாஸ்டிக். பிளாஸ்டர் அச்சை நன்றாக வெயிலில் காயவைத்து, தண்ணீரில் கரைத்த ஃபெவிகாலை மூன்று பூச்சுப் பூசி, ஒவ்வொன்றும் உலர்ந்த பிறகு அடுத்ததைப் பூசுங்கள். ஊற்றும் முன் அச்சை வெதுவெதுப்பாக்கி, வாலிலிருந்து தொடங்கித் தலைக்கு வாருங்கள். இரட்டை அச்சென்றால் வால் நுனியில் காற்றுப் போக நூலளவு வழி வெட்ட வேண்டும். பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும், அதனால் ஊற்றும் வாயை மேலே கொஞ்சம் நிறைத்து வையுங்கள்.

பிய்வதற்குக் காரணம் பதம். பிளாஸ்டிசாலை, அதாவது நாம் வார்க்கும் திரவ பி.வி.சி. பிளாஸ்டிக்கை, சூடாக்கினால் முதலில் பால் போல இருக்கும், நடுவில் களி கிண்டுவது போலத் திரளும், அதற்கப்புறம் பாகாக இளகித் தெளியும். களி இளகத் தொடங்கியதுமே அவசரப்பட்டு ஊற்றினால்தான் பிய்யும் மீன். சுமார் 170 முதல் 177 டிகிரி செல்சியஸ் வரை போக வேண்டும். துப்பாக்கி வடிவ வெப்பமானி மேற்பரப்பை மட்டும்தான் அளக்கும், கிளறிவிட்டு அளந்து பாருங்கள். வெந்த மீனின் வாலைப் பிடித்து இரண்டு மடங்கு நீட்டி விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும், வேகாதது அறுந்துவிடும். 200 டிகிரியை நெருங்க விட்டால் மஞ்சளாகிப் புகையும். பி.வி.சி. கருகும் அந்தப் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும், நெஞ்சை அரிக்கும். வெளியில் வைத்து, வாயுவைத் தடுக்கும் முகமூடி போட்டுச் செய்யுங்கள். துணி முகமூடி எதற்கும் ஆகாது. இதற்கான மைக்ரோவேவும் கண்ணாடிக் கோப்பையும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் சூடான பிளாஸ்டிக் தெறிக்கும், முழுக்கைச் சட்டையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் கிட்டே போகாதீர்கள்.

போன வாரம் நன்றாக நீந்தியது, இன்று நீந்தவில்லை

பெட்டியில் மடங்கிக் கிடந்திருக்கும். கத்திரி வெயிலில் காரில் விட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். கொதித்து இறக்கிய தண்ணீரில் வாலை ஒரு நிமிடம் முக்கி வைத்து, நேராக்கிப் பிடித்துக் குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். வார்த்த வடிவத்துக்கே திரும்பும். முறுக்கு பலமாக இருந்தால் இரண்டு தடவை செய்ய வேண்டியிருக்கும். டி.பி.இ. என்ற வேறு வகை மிருதுவான பிளாஸ்டிக் மீன்களோடு இவற்றை ஒரே பையில் போட்டு வைத்தால் இரண்டும் உருகி ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். சில கடின பிளாஸ்டிக் டப்பாக்களையும் இது தின்றுவிடும். எனக்கு ஒரு டப்பா அடியே போனது, மீனோடு சேர்த்து. இப்போதெல்லாம் ஜிப் பையில் தட்டையாக அடுக்கி, வாலெல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி வைத்து, அட்டைப்பெட்டியில் படுக்க வைக்கிறேன்.